இணையத்தளத்தில் விளம்பரம்: வன்னியில் தளம் நடத்துவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

வன்னியில் இணையத்தளம் நடத்துகிறவர்கள் பெரும்பாலும் தனி ஆட்கள். கிளிநொச்சியில் இருந்து ஊர்ச் செய்தி எழுதுபவர், மல்லாவியில் கடந்தகால வினாத்தாள்களை ஏற்றுகிற ஆசிரியர், முள்ளியவளையில் கோயில் திருவிழாப் படம் போடுகிற இளைஞர், வவுனியாவில் நெல் விலையும் விதை விலையும் தினமும் பதிகிற கடைக்காரர். இவர்களுக்குத் தளம் கட்டிக் கொடுப்பதும் பழுது பார்ப்பதும் என் தொழில். கேட்பவர்கள் மாறுகிறார்கள், கேள்விகள் மாறுவதில்லை. ஆகவே அவர்கள் கேட்ட விதத்திலேயே கேள்விகளை வைத்துப் பதில்களை இங்கே தொகுத்திருக்கிறேன். வரிசையாக வாசித்தால் நல்லது. பின்னால் உள்ள பதில்கள் முன்னால் சொன்னதைத் திருப்பிச் சொல்லவில்லை.

அக்கா, விளம்பரம் போட்டால் கூகுளில் எங்கள் தளம் பின்னுக்குப் போய்விடுமா?

போகாது. விளம்பரம் இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக ஒரு பக்கத்தைக் கூகுள் கீழே தள்ளுவதில்லை. பெரிய செய்தித்தளங்கள் பல விளம்பரப் பணத்தில்தான் நடக்கின்றன, தேடலில் முன்னுக்கும் வருகின்றன. தேடல் முடிவுகளின் தரத்தைப் பார்த்துச் சொல்லும் தன் தரமதிப்பீட்டாளர்களுக்குக் கூகுள் கொடுக்கும் கைநூலிலும், விளம்பரம் இருப்பது மட்டும் ஒரு பக்கத்தின் குறையாகாது என்ற நிலைப்பாடே இருக்கிறது.

கெடுப்பது விளம்பரம் நடந்துகொள்ளும் விதம். வாசிக்க வந்ததை மறைத்தால் கெடுக்கும். பக்கத்தைத் தாமதப்படுத்தினால் கெடுக்கும். வாசித்துக்கொண்டிருக்கும் வரியை இடம் மாற்றினால் கெடுக்கும். இந்த மூன்றில் எதையும் செய்யாத விளம்பரத்தைப் பற்றிக் கவலைப்படத் தேவையில்லை.

அட்சென்ஸ் போட்ட தளத்தைக் கூகுள் தன் ஆள் என்று மேலே தூக்கிவிடும் என்கிறார்களே, உண்மையா?

இல்லை. முன் பதிலின் மறுபக்கம்தான் இது. அட்சென்ஸ் என்பது நம் தளங்களில் விளம்பரம் காட்டி, அந்தப் பணத்தில் பங்கு தரும் கூகுளின் சேவை. அட்சென்ஸ் போட்டதற்காக ஏற்றமும் இல்லை, போடாததற்காக இறக்கமும் இல்லை. கூகுளுக்குப் பணம் கட்டித் தேடல் விளம்பரம் செய்தாலும் இயல்பான முடிவுகளில் உங்கள் இடம் அசையாது. அந்த விளம்பரம் தனியே, அதற்கான குறியோடு நிற்கும்.

தமிழ்ப் பக்கங்களை அட்சென்ஸ் ஏற்றுக்கொண்டது 2018இல். அதற்கு முன் நம்மவர்கள் கண்ட கண்ட விளம்பர வலையமைப்புகளிடமெல்லாம் போனார்கள். திடீரென்று முளைக்கும் சூதாட்டப் படமும், தொட்டதும் வேறு தளத்துக்கு இழுத்துச் செல்லும் இணைப்பும் அந்தக் காலத்துச் சொத்து. அவற்றின் நிரல்துண்டை இன்றுவரை கழற்றாமல் வைத்திருக்கும் பழைய தளங்களை அடிக்கடி பார்க்கிறேன். அட்சென்ஸ் விண்ணப்பம் மறுக்கப்பட்டது என்று யாராவது வந்தால் நான் முதலில் திறந்து பார்ப்பது அந்த மூலையைத்தான்.

மிஸ், பக்கம் திறந்ததும் திரை முழுக்க ஒரு விளம்பரம் வருகிறது. மூடும் குறி எங்கே என்றே தெரியவில்லை. இப்படிப் போடலாமா?

போடக்கூடாது. 2017 ஜனவரி 10 முதல் இதற்கென்றே ஒரு விதி இருக்கிறது. கைத்தொலைபேசியில் தேடி, ஒரு பக்கத்தில் வந்து இறங்குபவரின் முன்னால் உள்ளடக்கத்தை மூடிக்கொண்டு எழும் விளம்பரத்தைக் கூகுள் தரவரிசையில் குறையாகக் கணக்கெடுக்கிறது. வயதை உறுதிசெய்யும் பெட்டிக்கும், சட்டப்படி கேட்கவேண்டிய ஒப்புதல் பெட்டிக்கும், திரையின் ஓரத்தில் சிறிதளவு இடம் பிடிக்கும் பட்டைக்கும் விலக்கு உண்டு. இதைவிடப் பழைய விதி 2012 ஜனவரியில் வந்தது. முதல் திரை முழுவதையும் விளம்பரத்துக்குக் கொடுத்துவிட்டு, செய்தியைக் கீழே தேடவைக்கும் பக்கங்கள் அப்போது இறக்கப்பட்டன.

தரவரிசையை விட அச்சமூட்டவேண்டியது குரோம் உலாவியின் நடவடிக்கை. 2019 ஜூலை 9 முதல் உலகம் முழுவதும், பக்கத்தை மறைத்து எழுவது, தானாகவே சத்தத்தோடு ஓடும் காணொளி, கைத்தொலைபேசியில் மின்னி மின்னிக் கண்ணைப் பறிப்பது போன்ற விளம்பரங்களைத் தொடர்ந்து காட்டும் தளங்களைக் குரோம் கவனிக்கிறது. அறிவித்து 30 நாட்களுக்குள் திருத்தாவிட்டால் அந்தத் தளத்தின் எல்லா விளம்பரங்களையும் உலாவியே தடுத்துவிடும். ஒழுங்கான விளம்பரமும் சேர்ந்தே போகும். தேடலில் முதலாவதாக நின்றாலும் அன்றைக்கு வருமானம் இல்லை.

வாசித்துக்கொண்டிருக்கும்போது எழுத்து கீழே ஓடுகிறது. எதையோ தொடப் போய் விளம்பரத்தைத் தொட்டுவிடுகிறேன். இது தளத்தின் பிழையா, என் தொலைபேசியின் பிழையா?

தளத்தின் பிழை. எழுத்து முதலில் வந்துவிடுகிறது. எந்த விளம்பரதாரருக்கு அந்த இடம் என்று எங்கோ ஏலம் நடந்து, விளம்பரம் பிந்தி வந்து, தனக்கு இடம் கேட்டு எழுத்தைத் தள்ளுகிறது. திருத்துவது எளிது: விளம்பரம் வரும் பெட்டிக்கு முன்கூட்டியே உயரம் ஒதுக்கிவிடவேண்டும். 300க்கு 250 பிக்சல் விளம்பரம் என்றால் குறைந்தது 250 பிக்சல் உயரத்தைப் பெட்டிக்கு எழுதிவைத்தால் போதும். விளம்பரம் வராமல் போனால் அந்த இடம் வெறுமையாகக் கிடக்கட்டும். வெறுமையை மூட முயன்றால் எழுத்து மீண்டும் மேலே ஓடும்.

தவறுதலாகத் தொட்டாலும் பணம்தானே என்று சிலர் சிரிக்கிறார்கள். தவறிய தொடுகைகளைக் கூகுள் கண்டுபிடித்துக் கழித்துவிடுகிறது. அது அதிகமானால் கணக்கில் விளம்பரத்தையே மட்டுப்படுத்துகிறது.

நான் திறந்தால் தளம் உடனே வருகிறது. பிறகு ஏன் கூகுள் மெதுவென்று சொல்கிறது?

நீங்கள் தினமும் பத்துத் தடவை திறக்கிறீர்கள். படமும் எழுத்துருவும் உங்கள் தொலைபேசியில் ஏற்கெனவே சேமித்துக் கிடக்கின்றன. முதன்முறை வருபவருக்கு அப்படியில்லை. கூகுளும் உங்கள் தொலைபேசியைப் பார்த்து முடிவு சொல்வதில்லை. தகவல் பகிரச் சம்மதித்த குரோம் பயனர்களின் உண்மையான வருகைகளை 28 நாட்களுக்குச் சேர்த்துப் பார்க்கிறது. நான்கில் மூன்று வருகைகள் அளவுக்குள் இருந்தால்தான் நல்ல மதிப்பெண். அளவுகள் மூன்று: பக்கத்தின் பெரிய பகுதி 2.5 விநாடிக்குள் தெரியவேண்டும். தொட்டால் 200 மில்லிவிநாடிக்குள் பதில் வேண்டும். எழுத்து நகரும் அளவு 0.1ஐத் தாண்டக்கூடாது. நடுவில் உள்ளது 2024 மார்ச்சில் வந்தது. விளம்பர நிரல்கள் அதிகம் தோற்பது அதில்தான், ஏனென்றால் அவை வேலை செய்துகொண்டிருக்கும்போது தொலைபேசி விரலைக் கவனிப்பதில்லை.

கேட்பவர்கள் நம்ப மறுப்பது இனிச் சொல்லப்போவதை. இந்தக் கணக்கில் ஐபோன் வருகைகள் சேர்வதில்லை. ஐபோனில் குரோம் வைத்திருந்தாலும் சேராது. லண்டனில் இருக்கும் உங்கள் மைத்துனர் ஐபோனில் கண்மூடித் திறப்பதற்குள் பக்கத்தைத் திறந்துவிடுவார். அது கணக்கில் இல்லை. ஒட்டுசுட்டானுக்கு அப்பால் ஒற்றைக்கோடு கவரேஜில், நான்கு வருடப் பழைய அன்ட்ரொயிட் தொலைபேசியில் நெல் விலை பார்ப்பவருடைய காத்திருப்பு கணக்கில் இருக்கிறது. விளம்பரப் பணத்தில் பெரும்பங்கு முன்னவரிடமிருந்து வருகிறது. மதிப்பெண்ணைப் பின்னவர் இடுகிறார். வன்னித் தளங்களின் சிக்கல் முழுவதும் இந்த இரண்டு பேருக்கும் நடுவில்தான் இருக்கிறது.

ஆகவே பழைய அன்ட்ரொயிட் ஒன்றை இரவல் வாங்குங்கள். சேமிப்பை அழித்துவிட்டு, துணுக்காய்ப் பக்கம் போகும் பஸ்ஸில் இருந்து உங்கள் தளத்தைத் திறந்து பாருங்கள். எந்த அறிக்கையும் அதைவிடத் தெளிவாகச் சொல்லாது. வருகை குறைந்த தளமென்றால் கூகுளின் அறிக்கை எப்படியும் வெறுமையாகத்தான் இருக்கும்.

அந்த மதிப்பெண் நன்றாக இருந்தால் முதலாவது இடத்துக்கு வந்துவிடலாமா?

வரமுடியாது. தேடியவருக்குத் தேவையான விடயம் பக்கத்தில் இருக்கிறதா என்பதுதான் முதற்கணக்கு. அந்த மதிப்பெண் ஏறத்தாழச் சமமான இரண்டு பக்கங்களுக்கு நடுவில் வேலை செய்யும் சிறிய எடை. வேகத்தை நான் வற்புறுத்துவது தரவரிசைக்காக மட்டும் அல்ல. ரீலோட் போட்டு டேட்டா வாங்குகிறவருடைய பணத்தில் உங்கள் விளம்பரம் இறங்குகிறது. 2020இல் குரோம், 4 மெகாபைட்டைத் தாண்டி இழுக்கும் விளம்பரத்தை வாசகர் அதைத் தொடாதவரை தானே இறக்கிவிடத் தொடங்கியது. அந்த அளவுவரைக்கும் இழுக்க இடம் இருக்கிறது என்பதையும் சேர்த்தே யோசியுங்கள்.

பிள்ளை, எங்கள் வாசகர்களில் பாதிப்பேர் வெளிநாட்டில். அவர்களுக்கு மட்டும் விளம்பரம் காட்டிவிட்டு ஊரில் இருப்பவர்களை விட்டுவிடலாமா?

விடலாம் ஐயா, அது நல்ல யோசனையும்கூட. செய்தி எல்லோருக்கும் ஒன்றாக இருக்கும்வரை விளம்பரம் நாட்டுக்கு நாடு மாறுவது மோசடி ஆகாது. இலங்கையில் இருந்து வரும் வருகைக்குக் கிடைக்கும் பணம் கனடா வருகைக்குக் கிடைப்பதில் சிறு பங்கே. ஊர் வாசகருக்கு ஒரேயொரு விளம்பரத்தை மட்டும் வைத்தால் நீங்கள் இழப்பது கொஞ்சம். முன்னே சொன்ன மதிப்பெண் ஏறும்.

வெளிநாட்டு வாசகருக்கு வேறொரு வேலை இருக்கிறது. 2024 ஜனவரி 16 முதல் ஐரோப்பியப் பொருளாதார வலயத்திலும் பிரித்தானியாவிலும் இருப்பவர்களிடம், கூகுள் அங்கீகரித்த முறையில் ஒப்புதல் கேட்ட பிறகே தனிப்பயன் விளம்பரம், அதாவது அவரவர் விருப்பத்தைப் பார்த்துத் தெரிவாகும் விளம்பரம், காட்டலாம். பிரான்ஸ், ஜேர்மனி மட்டுமல்ல, நோர்வேயும் அந்த வலயத்துக்குள்தான். சுவிற்சர்லாந்துக்கு அதே ஆண்டு ஜூலை இறுதியில் விதி வந்தது. நம் உறவினர் அதிகம் வாழும் நாடுகளில் பல இவற்றுள் இருப்பதைச் சொல்லவேண்டியதில்லை. ஒப்புதல் பெட்டியை அட்சென்ஸ் கணக்கிலேயே இலவசமாக அமைக்கலாம். மல்லாவியில் இருப்பவரிடம் அதைக் காட்டி நேரத்தை வீணாக்காமல், அந்த நாடுகளுக்கு மட்டும் காட்டுமாறு அமையுங்கள்.

ஒரு பக்கத்தில் எத்தனை விளம்பரம் போடலாம்?

எண்ணிக்கை வரம்பு முன்பு இருந்தது. அட்சென்ஸ் ஒரு பக்கத்துக்கு மூன்று என்று வைத்திருந்து, 2016இல் அதை எடுத்துவிட்டது. இப்போது உள்ளடக்கத்தை விட விளம்பரம் அதிகமாக இருக்கக்கூடாது என்பதுதான் அதன் விதி. இதைவிடக் கறாரான அளவு, குரோம் பின்பற்றும் விளம்பரத் தரக் கூட்டமைப்பினுடையது: கைத்தொலைபேசியில் பக்கத்தின் முக்கிய பகுதியின் உயரத்தில் விளம்பரம் 30 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. உங்கள் செய்தி, விளம்பரங்களோடு சேர்த்து 2000 பிக்சல் உயரம் என்று வையுங்கள். 250 பிக்சல் விளம்பரம் இரண்டு போட்டால் 25 சதவீதம், தப்பினீர்கள். மூன்று போட்டால் 37.5 சதவீதம். நம் ஊர்ச் செய்திகள் பல அரைப்பக்கச் செய்திகள் என்பதால் பெரும்பாலும் இரண்டோடு நிற்கவேண்டிவரும்.

விளம்பரம் எங்கே, எத்தனை என்று அட்சென்ஸே முடிவெடுக்கும் தானியங்கி விளம்பரத்தை இயக்கிவிட்டு அந்தப் பக்கமே திரும்பிப் பார்க்காமல் இருப்பவர்களுக்கு இந்தக் கணக்கு எப்போது மீறப்பட்டது என்றே தெரிவதில்லை. அதில் அளவைக் குறைக்கும் வசதி இருக்கிறது. நான் அதைப் பாதிக்குக் கீழே வைக்கச் சொல்வேன். முதல் விளம்பரம் தலைப்புக்கு மேலே வரக்கூடாது என்பதும் என் பிடிவாதம். இரண்டாம் பந்திக்குப் பிறகு வந்தால் போதும்.

வற்றாப்பளைப் பொங்கல் படங்களை ஒரு பக்கத்துக்கு ஒன்றாகப் போட்டால் விளம்பரம் பெருகுமே?

பெருகும், மூன்றாவது படத்தில் ஆள் போய்விடுவார். ஒரு படமும் இரண்டு விளம்பரமும் உள்ள பக்கம் மேலே சொன்ன 30 சதவீதத்தை அங்கேயே உடைத்துவிடுகிறது. அத்தகைய நாற்பது பக்கங்களில் தேடுபவருக்கு வாசிக்க எதுவும் இல்லாததால் கூகுளும் அவற்றைப் பொருட்படுத்தாது. எல்லாப் படங்களையும் ஒரே பக்கத்தில் போடுங்கள், கீழே உள்ளவை திரைக்கு அருகில் வரும்போது மட்டும் இறங்கட்டும், பத்துப் படங்களுக்கு ஒரு விளம்பரம் வையுங்கள். ஒவ்வொரு படத்தின் கீழும் ஒரு வரி எழுதுங்கள். வைகாசியில் கண்ணகி அம்மன் பொங்கலைத் தேடுகிறவர் உங்களை வந்தடைவது அந்த வரிகளால்தான்.

மரண அறிவித்தலும் விளம்பரம்தானா? அதற்கும் இந்த விதிகள் எல்லாம் பொருந்துமா?

பணம் வாங்கிப் போடுவதால் விளம்பரம். ஆனால் வாசகர் தேடி வந்ததே அதுதான் என்பதால் அது உள்ளடக்கமும். தேடுபொறியின் கண்ணில் அது ஒரு பக்கம், வேறொன்றும் இல்லை. பரந்தனைப் பிறப்பிடமாகவும் பாரிஸை வதிவிடமாகவும் கொண்ட ஒருவர் காலமானால், ஊரின் பெயரையும் அவருடைய பெயரையும் சேர்த்து நாலு கண்டத்திலும் தேடுவார்கள். நம் தளங்கள் பலவற்றில் அந்த அறிவித்தல் ஒரு பெரிய படமாக மட்டும் கிடக்கும். படத்துக்குள் எழுதியதைத் தேடுபொறி சரியாக வாசிக்கும் என்று நம்பி இருக்கக்கூடாது. பெயர், ஊர், வதிவிடம், இறுதிக்கிரியை நடக்கும் இடமும் நேரமும், தொடர்பு எண் ஆகியவற்றை எழுத்தாகத் தட்டச்சு செய்யுங்கள். தட்டச்சு செய்யப் பஞ்சிப்பட்டு இழக்கும் வருகையை எந்த விளம்பர நுட்பமும் திருப்பித் தராது.

முன்பக்கத்தில் இருபது அறிவித்தல்களை முழுப்படங்களாக அடுக்குவது இன்னொரு வழக்கம். பக்கம் பாரமாகிவிடும். சிறிய முகப்படமும் பெயரும் போதும், மிகுதி உள்ளே.

அந்தப் பக்கத்தில் வேறு விளம்பரம் போடலாமா என்பதும் உடனே வரும் கேள்வி. விதி தடுக்கவில்லை. நான் தடுப்பேன். கண்ணீர் அஞ்சலிக்குக் கீழே எடை குறைக்கும் மருந்தும் மணமகள் தேவை என்ற பட்டையும் மினுங்குவதைப் பார்த்த குடும்பம் அடுத்த நினைவஞ்சலிக்கு உங்களிடம் வராது. அப்படியும் போட்டே ஆகவேண்டுமென்றால், அட்சென்ஸில் திருமணப் பொருத்தம், உடல் எடை போன்ற வகைகளைத் தடுக்கும் வசதியையாவது பயன்படுத்துங்கள். அது தளம் முழுவதற்கும் பொருந்தும் என்பதால் கொஞ்சம் பணம் போகும்.

புதுக்குடியிருப்பில் ஒரு விதைக்கடைக்காரர் மாதாமாதம் பணம் தருகிறேன் என்கிறார். அவருடைய படத்தை நேரே போடுவதா, அட்சென்ஸ்தான் நல்லதா?

படத்தை நேரே போடுங்கள். இந்தத் தொகுப்பில் நான் தயக்கமில்லாமல் சொல்லும் பதில் இது. அட்சென்ஸ் 100 டொலர் சேர்ந்த பிறகுதான் பணம் அனுப்பும். சிறிய தமிழ்த் தளத்துக்கு அது சேரப் பல மாதம் ஆகலாம். விதைக்கடைக்காரர் காலபோகத்துக்கு முன்னும் சிறுபோகத்துக்கு முன்னும் பணத்தைக் கையில் தருவார். அவருடைய விளம்பரம் உங்கள் சேவையகத்தில் இருக்கும் ஒரு படம். ஏலம் இல்லை, வெளி நிரல் இல்லை, பிந்தி வந்து எழுத்தைத் தள்ளுவதும் இல்லை. படத்தை 50 கிலோபைட்டுக்குள் சுருக்கி, அகலமும் உயரமும் குறித்துவிட்டால் முன்னே சொன்ன மூன்று அளவுகளையும் அது கெடுக்காது. பூநகரி மொட்டைக்கறுப்பன் நெல் விற்பவருக்கும் உழவு இயந்திர உதிரிப்பாகக் கடைக்கும் இதே வழிதான்.

இரண்டு நிபந்தனை. படத்தின் மேல் விளம்பரம் என்று எழுதியிருக்கவேண்டும். அவருடைய தளத்துக்கு இணைப்புக் கொடுத்தால் அந்த இணைப்பில் ஸ்பொன்சர்ட் என்ற குறியைச் சேர்க்கவேண்டும். 2019இல் கூகுள் கொண்டுவந்த குறி அது. பழைய நோஃபொலோ குறியும் செல்லும். குறியில்லாமல் பணத்துக்கு இணைப்புக் கொடுப்பது இணைப்பு விற்பனை, விதிமீறல். விதைக்கடைகளில் அநேகமானவற்றுக்குத் தளமே கிடையாது என்பதால் தொட்டவுடன் அழைப்புப் போகும் தொலைபேசி இணைப்பைப் போடுங்கள். கடைக்காரருக்கும் அதுதான் பிடிக்கும், எத்தனை பேர் எடுத்தார்கள் என்று அவருக்கே தெரியும்.

வெளிநாட்டு மின்னஞ்சல் ஒன்று வந்தது. நூறு டொலர் தருகிறோம், எங்கள் கட்டுரையை உங்கள் தளத்தில் போடுங்கள் என்கிறார்கள். போடலாமா?

சூதாட்டம், உடனடிக் கடன், மின்நாணயம் ஆகிய மூன்றில் ஒன்றைப் பற்றிய ஆங்கிலக் கட்டுரையாக இருக்கும், நடுவில் குறியில்லாத இரண்டு இணைப்பும் இருக்கும். அது முன் பதிலில் சொன்ன இணைப்பு விற்பனை. தவிரவும், 2024 மே மாதம் முதல், ஒரு தளம் சேர்த்துவைத்த நற்பெயரைப் பயன்படுத்தி வெளியாரின் கட்டுரையைத் தேடலில் ஏற்றுவதைத் தனிக் குற்றமாகவே கூகுள் கையாள்கிறது. தண்டனை வந்தால் நீங்கள் விண்ணப்பித்து நீக்கவேண்டும். நூறு டொலர் தந்தவர் அப்போது மின்னஞ்சலுக்குப் பதில் போடமாட்டார்.

மிஸ், என் வகுப்புப் பிள்ளைகளிடம் விளம்பரத்தை ஒருமுறை தொடச் சொன்னால்?

கணக்கு மூடப்படும். சேர்ந்த பணம் விளம்பரதாரருக்குத் திரும்பிப் போகும். வேண்டாம்.

வந்தவர் உடனே திரும்பிப் போனால் கூகுள் அதைக் கவனிக்கிறதா?

நீங்கள் தளத்தில் வைத்திருக்கும் வருகைக் கணக்கீட்டு எண்களைத் தரவரிசைக்கு எடுப்பதில்லை என்று கூகுள் நெடுங்காலமாகச் சொல்லிவருகிறது. அது ஒரு பக்கம். மறுபக்கம், 2023இல் அமெரிக்க அரசு கூகுளுக்கு எதிராக நடத்திய ஏகபோக வழக்கில், தேடல் பிரிவின் உயரதிகாரி பாண்டு நாயக் சாட்சியமளித்தார். தேடல் முடிவுகளில் மக்கள் எதைத் தொடுகிறார்கள் என்ற தரவைப் பயன்படுத்தும் நவ்பூஸ்ட் என்ற முறை தரவரிசையில் இருப்பது அப்போது வெளிப்படையானது.

இரண்டையும் சேர்த்து நான் விளங்கிக்கொள்வது இது. ஒரு ஆள் திரும்பிப் போவதால் எதுவும் ஆகாது. உங்கள் பக்கத்தைத் தொட்டு, விளம்பரத்தைப் பார்த்து, பின்னே போய் அடுத்த முடிவைத் தொடுவதை மாதக்கணக்கில் எல்லோரும் செய்தால் அதன் தடம் எங்கோ பதியத்தான் செய்யும்.

ஜனவரியில் வருமானம் பாதியாகிவிட்டது. கூகுள் தண்டித்துவிட்டதா?

அநேகமாக இல்லை. நத்தார், புதுவருட விற்பனைக்காக விளம்பரதாரர்கள் ஆண்டின் கடைசியில் பணத்தைக் கொட்டுகிறார்கள். ஜனவரியில் எல்லோருக்கும் விழும். தேடலில் உங்கள் தளத்தை எத்தனை பேர் தொட்டார்கள் என்று காட்டும் கூகுளின் சேர்ச் கொன்சோலில் தொடுகைகளைப் பாருங்கள். தொடுகை அப்படியே இருந்து பணம் மட்டும் குறைந்திருந்தால் அது சந்தை விலை. தொடுகையும் விழுந்திருந்தால் அடுத்த கேள்விக்குப் போங்கள்.

எல்லா விளம்பரத்தையும் கழற்றிவிட்டேன். ஒரு மாதமாகியும் இடம் ஏறவில்லையே?

28 நாள் கணக்கை நினைவில் வையுங்கள். கழற்றிய அன்றைக்கு மதிப்பெண் மாறாது, பழைய வருகைகள் மெல்ல மெல்ல உதிரவேண்டும். கூகுள் உங்கள் பக்கத்தைக் கைத்தொலைபேசி வடிவில்தான் வாசிக்கிறது என்பதால், கணினி வடிவில் மட்டும் கழற்றியவர்களும் இந்தக் கேள்வியோடு வருகிறார்கள்.

அதற்குப் பிறகும் ஏறவில்லை என்றால் காரணம் விளம்பரம் அல்ல. பெரும்பாலும் நான் காண்பது, வேறு தளத்தில் வந்த செய்தியை வரிக்கு வரி எடுத்துப் போட்ட பக்கங்கள். இரணைமடுக் குளத்தில் நீர்மட்டம் எத்தனை அடி என்று பத்துத் தளங்கள் ஒரே வசனத்தில் எழுதினால் ஒன்பதைக் காட்டக் கூகுளுக்கு எந்தத் தேவையும் இல்லை. கரியாலை நாகபடுவான் சந்தியில் நின்று நீங்களே எடுத்த படமும், அன்று கமக்காரர் ஒருவர் சொன்ன நெல் விலையும் உங்களிடம் மட்டும் இருக்கும். கழற்றிய விளம்பரத்தில் ஒன்றை, முன்னே சொன்ன அளவில், திரும்பவும் போட்டுவிட்டு அந்த வேலையைப் பாருங்கள்.

விளம்பரமே வைக்கக்கூடாத பக்கம் என்று ஏதாவது இருக்கிறதா?

இருக்கிறது. தொடர்பு எண் உள்ள பக்கம், மருத்துவமனைக் கிளினிக் நாட்களைப் போடும் பக்கம், எல்லாவற்றுக்கும் முதலில் வெள்ள அறிவித்தல். 2018 டிசம்பரில் இரணைமடுவின் வான்கதவுகள் திறக்கப்பட்டு கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வெள்ளம் ஏறியது. அத்தகைய இரவில் மின்சாரம் இருக்காது, தொலைபேசியில் கொஞ்சம் மின்னேற்றம்தான் இருக்கும், கவரேஜ் விட்டு விட்டு வரும். எந்த வீதி மூடியிருக்கிறது, எந்தப் பாடசாலையில் தங்கலாம் என்று பார்க்க வருபவருக்கு விளம்பரம் இறங்கும்வரை காத்திருக்க நேரமில்லை.

அட்சென்ஸின் தானியங்கி விளம்பர அமைப்பில் குறிப்பிட்ட பக்கங்களை விலக்கும் பட்டியல் உண்டு. அறிவித்தல்களுக்கென்று ஒரு முகவரிப் பகுதியை ஒதுக்கி, அதை முழுவதுமாக அந்தப் பட்டியலில் சேர்த்துவிடுங்கள். படம் வேண்டாம், வெறும் எழுத்து போதும். ஐப்பசி மழை தொடங்குவதற்கு முன்பே இதைச் செய்துவைக்கவேண்டும்.